ஒப்புநோக்கியவர் கையொப்பம்

திண்டுக்கல்லில் பேகம்பூர் போகிற வழியில், மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாத ஒரு கட்டடத்தில், ‘மாவட்ட நலத்திட்டப் பயனாளிகள் பதிவு மையம்’ என்னும் அலுவலகம் பொதுமக்கள் நலனைக் கருத்தில் கொண்டு இயங்கி வந்தது. கருத்தில் கொண்டதோடு சரி. மற்றதையெல்லாம் மூலையில் இருந்த ஒரு சர்வர் பார்த்துக்கொண்டது. அதற்குள் பதினெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு பேர் குடியிருந்தார்கள். மழையில் பூ அழுகிப் போனாலும், தறி ஓடாமல் நின்றாலும், புருஷன் செத்தாலும், உதவி கிடைக்க வேண்டுமானால் பெயர் அதற்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆளே நேரில் வந்து நின்று தும்மினாலும் ஆள் இல்லை என்றுதான் பதில்.

அந்த சர்வரைக் கட்டி மேய்த்தவள் சகாயசெல்வி. தினமும் சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். ஆறு வருஷமாக ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு மார்ச் மாதமும் அவள் வேலை போய்விடும், ஏப்ரலில் திரும்ப வரும். இந்த வருஷம் எப்படியாவது நிரந்தரமாகிவிட வேண்டும் என்று சவேரியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அலுவலகங்களுக்கும் பேஷன் உண்டு. முந்தின வருஷம் எல்லா அலுவலகத்திலும் செல்ஃபி எடுக்க ஒரு இடம் வைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் மீட்டிங்கில் வடையை நிறுத்திவிட்டுக் கம்பு பிஸ்கட் கொடுத்தார்கள். இந்த வருஷம் பேக்கப். சர்வரில் இருக்கும் விவரங்களுக்கு நாள்தோறும் நகல் எடுத்து வைக்கவும், சர்வர் படுத்துவிட்டால் அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்கவும் ஒரு சாஃப்ட்வேர் வாங்கி அனுப்பிவிட்டு, ‘உரிய முறையில் நிறுவி அறிக்கை அனுப்புக’ என்று மேலிடம் சுற்றறிக்கை விட்டது.

மையத்தின் தனி அலுவலர் பொன்னுத்துரை, செல்வியைக் கூப்பிட்டார். மனுஷன் தங்கம். லஞ்சம் வாங்க மாட்டார், கோபப்பட மாட்டார். இருபத்திரண்டு வருஷம் நகல் பிரிவில் இருந்தவர் என்பது ஒன்றுதான் அவரிடம் இருந்த கோளாறு.

“இதை மட்டும் ஒழுங்கா பண்ணிக் குடும்மா செல்வி. உன் வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி நானே கைப்பட எழுதுறேன்.”

செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. ரெண்டே நாளில் சாஃப்ட்வேரை நிறுவிவிட்டு வந்து நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை முழு நகல் சார். மத்த நாள்ல அன்னன்னைக்கு மாறுனது மட்டும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா எடுத்துக்கும்.”

“ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபீஸ்ல யாரும்மா இருப்பா?”

“யாரும் இருக்க வேணாம் சார்.”

“யாருமே இல்லாம எடுத்த நகலுக்கு யாரு பொறுப்பு? காலையில பதினோரு மணிக்கு வை. டீ குடிச்சிட்டு வந்து நான் பக்கத்துல நிக்கிறேன். அப்புறம் என்ன சொன்ன, மாறுனது மட்டுமா? அரைகுறை நகலுக்கு எவன் கையெழுத்துப் போடுவான்? எடுத்தா முழுசா எடு.”

சரி என்று பதினோரு மணிக்கே வைத்தாள். பொன்னுத்துரை கைகட்டி நின்று பார்க்க, முதல் நகல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறங்கியது. திரையில் பச்சை டிக் விழுந்தது.

“முடிஞ்சிருச்சு சார்.”

“எங்க முடிஞ்சிச்சு? நகல் எடுத்தவர் கையொப்பம் ஆச்சு, அது நீ. ஒப்புநோக்கியவர் கையொப்பம் எங்க?”

“மெஷினே ஒப்பிட்டுப் பாத்திருச்சு சார். அதான் அந்தப் பச்சை டிக்.”

“பச்சை டிக்குக்குப் பதவி என்னம்மா?”

செல்வி வாயை மூடிக்கொண்டாள். நிரந்தரம் ஆகப்போகிற வாய் அது.

மறுநாளே ஒப்புநோக்கும் பணி முறைப்படி தொடங்கியது. நகல் பிரிவில் தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்னவென்றால், அசலை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், நகலை இன்னொருவர் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து ‘சரி’ சொல்ல வேண்டும். சர்வர் திரையைப் பார்த்துச் செல்வி படித்தாள். நகலிலிருந்து அச்சடித்த நானூற்று அறுபத்தொரு தாளை மடியில் வைத்துக்கொண்டு இளநிலை உதவியாளர் உடையப்பன் சரி சொன்னார்.

“அன்புமணி, தகப்பன் பேரு ஞானராஜ், நெசவு.”

“சரி.”

“அன்புமணி, தகப்பன் பேரு மூக்கையா, தக்காளி.”

“சரி. செத்த நேரம் நிறுத்துத்தா, ஒரு வெத்தலை போட்டுக்கிறேன்.”

ஒரு நாளைக்கு ஏழு பக்கம் ஓடியது. ஒன்பதாம் நாள் அருளப்பன் என்றொரு ஆளிடம் வண்டி நின்றது. நகலில் அருளப்பன் உயிரோடு இருந்தார். அசலில் செத்துவிட்டார்.

“நகல் தப்பு” என்றார் பொன்னுத்துரை.

“நகல் எடுத்தன்னைக்கு உசுரோடதான் சார் இருந்தாரு. போன புதன்கிழமைதான் தவறிட்டாரு. அதான் அசல்ல மாத்துனோம்.”

“ஒப்புநோக்கிக்கிட்டு இருக்கும்போது அசலை மாத்துறதா? என்னம்மா வேலை பாக்குறீங்க!” என்று பதறிப்போய் அன்று மாலையே ஆணை பிறப்பித்தார். ஒப்புநோக்கும் பணி செவ்வனே நிறைவுறும் வரை அசலில் எவ்வித மாற்றமும் செய்யலாகாது. ஆக, அடுத்த ரெண்டரை மாதம் அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை மாவட்டத்தில் யாரும் சாகவில்லை. வீடு மாறவில்லை. செல்போனைக்கூடத் தொலைக்கவில்லை.

ஒச்சம்மாள் தொலைத்திருந்தாள். நிலக்கோட்டைப் பக்கத்தில் முக்கால் ஏக்கரில் சம்பங்கி போட்டு, அது மழையில் அழுகிப்போன பொம்பளை. நிவாரணச் சான்று அவள் போனுக்குத்தான் வரும். அந்தப் போன் வாய்க்காலோடு போய்விட்டது.

“ஒரே ஒரு நம்பரை மாத்தணும் தாயி. இம்புட்டுத்தானே?”

“ஒப்புநோக்கல் முடியட்டும்மா.”

“அது எப்ப முடியும்?”

“இன்னைக்குத்தான் ‘கா’வன்னாவுக்கு வந்திருக்கோம்.”

ஒச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஆயுத பூசைக்கு முந்தின நாள்தான் ஒருவழியாகப் பணி முடிந்தது. ரெண்டு கையெழுத்தும் விழுந்தன. ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, முத்திரை குத்திப் பீரோவில் வைத்தார்கள். செல்வி ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். “ஒரு தடவை இதுலேர்ந்து திருப்பி ஏத்திப் பாத்துருவோம் சார். ஏறுதான்னு பாக்காம வச்சா பேக்கப் இருந்தும் பிரயோசனமில்ல.”

“அசல் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதுக்கும்மா அபசகுனமா?” என்றார் பொன்னுத்துரை.

விடிந்ததும் பூசை. பூசை முடிந்ததும் முதல் வேலை உன் நம்பர்தான் என்று சொல்லியிருந்ததால், ஒச்சம்மாள் கை பருமனுக்கு ஒரு கதம்ப மாலையோடு வந்தாள். சர்வருக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, காற்றுப் போகிற ஓட்டை அத்தனையும் மறையும்படி அந்த மாலையை மூன்று சுற்றாகச் சுற்றினார்கள். செல்வி எடுக்கப் போனாள். “பூசை போட்ட மாலை மேல கை வைக்காதத்தா” என்று உடையப்பன் தடுத்துவிட்டார். நம்பரை விடுமுறை முடிந்து பார்க்கலாம் என்று எல்லோரும் கிளம்பினார்கள். தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை. உள்ளே சர்வர் பூப்போர்வைக்குள் வெந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் கதவைத் திறந்தால் கருகிய செவந்தி வாசம். பதினெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

போச்சு, வேலை போச்சு என்றுதான் செல்வி முதலில் நினைத்தாள். பிறகு பீரோவில் இருந்த டிஸ்க் நினைவுக்கு வந்தது. வேறொரு மெஷினைத் துடைத்துத் தயார் செய்து, அரக்கை உடைக்க அனுமதிக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி, நாற்பதே நிமிஷத்தில் அத்தனை பேரையும் உயிரோடு மீட்டுவிட்டாள். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

பொன்னுத்துரை திரையைப் பார்த்தார். “நல்லது. இது என்ன?”

“நம்ம டேட்டா சார்.”

“பீரோவுல இருந்தது நகல். அதிலேர்ந்து ஏத்துனது நகலின் நகல். இதை அசலோட ஒப்புநோக்கணும். அசல் எங்க?”

“அசல் எரிஞ்சு போச்சு சார். எரிஞ்சா வேணும்னுதானே நகலே எடுத்தோம்!”

“அசல் இல்லாத நகலுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்? நாளைக்கு எவனாவது கேட்டா?”

கேட்கிற எவனோ ஒருவனுக்குப் பயந்துதானே நம் நாட்டில் அரசாங்கமே நடக்கிறது. பதினெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு பேரும் திரையில் பளிச்சென்று தெரிய, ‘பதிவுகள் இல்லை’ என்று வாசலில் போர்டு மாட்டப்பட்டது. நிவாரணச் சான்று வாங்க அந்த மாதம்தான் கடைசி. கூட்டம் படிக்கட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. “நான் கட்டுன மாலைதான் தாயி எமனாப் போச்சா?” என்று ஒச்சம்மாள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். பொன்னுத்துரை செல்வியைக் கூப்பிட்டு, அசலைத் தொலைத்த பொறுப்பை யார் தலையில் வைப்பது என்று தாம் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அன்போடு சொன்னார். செல்விக்குப் புரிந்துவிட்டது.

எதிரே ரஃபியாவின் ஜெராக்ஸ் கடை. அங்கே போய் விஷயத்தைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

ரஃபியா சிரித்தாள். “அசல்தானே வேணும்? அழாத புள்ள, அடிச்சுக் குடுத்துருவோம்.”

செல்வி பென் டிரைவில் கொண்டுவந்த பதிவுகளிலிருந்து நானூற்று அறுபத்தொரு தாள் அச்சாகியது. புதுசாகப் பளபளத்தது. பக்கத்து டீக்கடையில் ஒரு வாளி டீ வாங்கி ஒவ்வொரு தாளாக முக்கி எடுத்து, மொட்டைமாடியில் காயப்போட்டு, சிவப்பு நாடாவால் கட்டினார்கள். மறுநாள் பரண் மேலிருந்த உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே அந்தக் கட்டை உடையப்பனே கண்டெடுத்தார். எங்கே தேட வேண்டும் என்று செல்வி சொல்லியிருந்தாள்.

பொன்னுத்துரை கைகூப்பிவிட்டார். “மூலப் பதிவேடு! கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வச்சது!”

அதில் நாலு மாதத்துக்கு முன் பிறந்த குழந்தையின் பெயரும் இருந்தது. செல்வி அதை அப்போதுதான் கவனித்தாள். அவரும் அந்த வரியில் விரலை வைத்தார்.

“அந்தக் காலத்து ஆளுங்களோட தொலைநோக்கைப் பாத்தியாம்மா!” என்றார்.

வாசலில் கூட்டம் கத்தியதால், முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் ஒப்புநோக்கிக் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. பொருந்தாமல் எங்கே போகும்? சான்றுகள் போயின. ஒச்சம்மாளின் நம்பர் மட்டும் மாறவில்லை, அசலில் பழைய நம்பர்தானே இருக்கிறது! ஆனாலும் சான்றை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். விழா எடுத்து, சால்வை போட்டு, மேலிடத்துக்குப் படம் அனுப்பினார்கள்.

மறுவாரம் செல்விக்கு ஆணை வந்தது. நிரந்தர ஆணைதான் என்று அவசரமாகப் பிரித்தாள்.

‘மூலப் பதிவேடு நல்ல நிலையில் கண்டெடுக்கப்பட்டுள்ளதால், நகல் எடுக்கும் அவசியம் எழவில்லை எனத் தெரியவருகிறது. எனவே நகல் எடுக்கும் மென்பொருளை உடனடியாக நீக்கவும், அதைக் கையாண்டு வந்த ஒப்பந்தப் பணியிடத்தை இன்று பிற்பகல் முதல் ரத்து செய்யவும் இதன் மூலம் ஆணையிடப்படுகிறது.’

“அசல் கிடைச்சிருச்சுல்லம்மா. இனிமே நகல் எதுக்கு? எல்லாம் உன் உழைப்புதான்” என்றார் பொன்னுத்துரை. மனசாரத்தான் சொன்னார்.

அது அசல் இல்லை சார் என்று சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் வீடு. செல்வி மென்பொருளை நீக்கிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் ரஃபியா கடையில் மனு டைப் அடிக்க உட்கார்ந்தாள்.

ஒரு மாதம் ஓடியது. ஒரு காலையில் ஒச்சம்மாள் தன் சான்றை லேமினேஷன் போடுவதற்காகக் கடைக்கு வந்திருந்தாள். உடையப்பன் மூச்சிரைக்க ரோட்டைக் கடந்து வந்தார்.

“ஏத்தா செல்வி, சார் உன்னையக் கூட்டியாரச் சொன்னாரு. அசலை எலி தின்னுக்கிட்டு இருக்கு. சீனிப் பாகுல ஊறப்போட்ட மாதிரி அப்படி ஒரு இஷ்டமாத் திங்குது.”

ரஃபியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கம்ப்யூட்டர்ல எல்லாரும் பத்திரமாத்தானேண்ணே இருக்காங்க?” என்றாள் செல்வி.

“அதுதான் பிரச்சினையே. அசல்ல இல்லாதது நகல்ல இருக்கக் கூடாதாம். எலி தின்ன பக்கத்துப் பேரையெல்லாம் கம்ப்யூட்டர்லேர்ந்து அழிக்கணுமாம். அழிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். தினக்கூலிக்கு வாரியான்னு கேட்டாரு. நல்லாப் பண்ணுனா நிரந்தரத்துக்கு எழுதுறேன்னாரு.”

“எதுவரைக்கும் தின்னுருக்கு?”

“அகர வரிசையாத்தான் திங்குது. இன்னைக்கு ‘ஒ’னாவுக்கு வந்திருக்கு.”

லேமினேஷன் மெஷினிலிருந்து சான்று சூடாக வெளியே வந்தது. ஒச்சம்மாள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“என்னத்தா, எல்லாரும் என்னையவே பாக்குறீக?”

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

“எத்தன மணிக்கு வரணும்ணே?” என்று உடையப்பனிடம் கேட்டாள்.