ரப்பர் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிய நாள்

மின்சாரம் தன்னைக் கொல்வதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று உலகத்தில் உறுதியாக நம்புகிற ஒரே மனிதர் எங்கள் தெரு ரப்பர் அண்ணாச்சி. அருப்புக்கோட்டையில் மற்ற எல்லோருக்கும் வெயிலே போதுமானதாக இருக்கிறது. இவருக்கு மட்டும் கரண்டு தேவைப்பட்டது.

நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடுதான் நடப்பார். குளிக்கும்போதும் அதுதான். பிழைப்போ பாத்திர வாடகைக் கடை. கடை நிறைய அலுமினிய அண்டா, பித்தளைக் குடம், இரும்புச் சட்டுவம். எதிரி வீட்டிலேயே சம்பளம் வாங்கிச் சாப்பிடுகிற மனிதர்.

உலகத்துப் பொருள்கள் அவருக்கு இரண்டே வகை. கரண்டை இழுக்கிறது, இழுக்காதது. காய்ந்த கட்டை, கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் எல்லாம் சொந்தக்காரர்கள். இரும்பு, செம்பு, பச்சை மரம், ஈரத்துணி எல்லாம் பகையாளிகள். டீக்கடையில் எவர்சில்வர் டம்ளரை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"கண்ணாடி கிளாஸ்ல குடுய்யா. மேல பல்பு தொங்குதுல்ல?"

"பல்பு அம்புட்டு உசரத்துல இருக்கு அண்ணாச்சி. நடுவுல வெறும் காத்துதான்."

"காத்து இழுக்காதுன்னு நீ கேரண்டி குடுப்பியா? அப்ப மின்னல் எது வழியா எறங்குது?"

அன்றைக்கு அந்த டீக்கடையில் மூச்சு விடுவதற்கே ஆட்கள் யோசித்தார்கள்.

இப்படிப்பட்டவருக்கே ஒரு நாள் ஷாக் அடித்தது. ஈரத் தரையில் செருப்போடு நின்று கிரைண்டரைத் தொட்டவர், மாவுச் சட்டியோடு போய் மூலையில் விழுந்தார். தெருவே கூடிவிட்டது. முகமெல்லாம் இட்லி மாவு. தண்ணீர் கேட்பார் என்று பார்த்தால், "ரப்பர் எப்படிய்யா இழுக்கும்?" என்று கேட்டார். பெத்த பிள்ளை கைவிட்டதுபோலக் குரல் உடைந்திருந்தது.

நான் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். வார் அறுந்திருந்தது. புதுச் செருப்பு வாங்க மனமில்லாத மகராசன், அடியில் ஓர் ஊக்கைக் குத்தி ஒப்பேற்றியிருந்தார். ஊக்கின் முனை மேலே விரலிடுக்கில், மிச்சம் கீழே ஈரத் தரையில். கரண்டுக்கு அவரே நடைபாதை போட்டுக் கொடுத்திருந்தார். நாங்கள் சிரித்தோம். "ஆகக்கூடி, ரப்பர் மேல தப்பு இல்ல" என்று சொல்லி மாவைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

ஒரே மகள் செல்விக்கு நரிக்குடியிலிருந்து வரன் வந்தபோதுதான் வினையே ஆரம்பித்தது. முன்பு வந்த ஒரு வரன், 'செருப்புக் காலோட நடுவீட்டுல நின்னு வாங்கன்னு சொல்ற வீட்ல பொண்ணெடுக்க மாட்டோம்' என்று எழுந்து போயிருந்தது. செல்விக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. இதுவும் போனால் பரளச்சியில் அண்ணன் வீட்டோடு போய்விடுவதாக அண்ணாச்சியின் மனைவி மாரியம்மா அக்கா முடிவு செய்திருந்தார்.

"தம்பி, அந்தச் சனியன் புடிச்ச செருப்ப நீயே கொண்டுபோயி ஒளிச்சு வச்சிரு. அவுக கேட்டா தெரியாதுன்னுரு" என்றார் என்னிடம். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு, அண்ணாச்சி தூங்கி எழும் முன்பே எடுத்து என் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

வெறுங்காலோடு அண்ணாச்சி தவித்த தவிப்பைப் பார்க்கக் கண் கூசியது. கடைசியில் ஒரு மணைப்பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, வந்தவர்களைக் கும்பிட்டார். இடுப்பு வேட்டியில் பூரிக்கட்டை ஒன்று செருகியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "யாரையாச்சும் இழுத்துச்சுன்னா தட்டிவிட வேணாமா? காஞ்ச கட்ட" என்றார் காதோரம்.

மாப்பிள்ளையின் அம்மா கேசரி சாப்பிட்டுக் கை கழுவி வந்தார். புழுக்கம். காற்று வரவில்லையே என்று ஈரக் கையோடு டேபிள் ஃபேனைத் திருப்பப் போனார். பலகையிலிருந்து பாய்ந்த அண்ணாச்சி, அந்தக் கை மேல் பூரிக்கட்டையால் ஒன்று போட்டார்.

மாப்பிள்ளையின் மாமாதான் மெதுவாகச் சொன்னார்: "கரண்டு அப்பவே போயிருச்சே."

"போனது வந்திரும்ல? சொல்லிட்டா வரும்?" என்றார் அண்ணாச்சி.

மாரியம்மா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். செல்வி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் அம்மா மணிக்கட்டைத் தடவியபடி கேட்டார்: "உங்க மகளையும் இப்படித்தான் வளத்தீகளா?"

"வேற எப்படி வளக்க? அது சுவிட்சுப் பக்கம் போனா, முந்தி ஓடிப்போயி நான்தான் போடுவேன். இன்னிக்கு வரைக்கும் அது மேல ஒரு ஷாக்கு அடிச்சதில்ல தாயி." அண்ணாச்சி பூரிக்கட்டையை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். "அங்கன வந்தா யாரு போடுவா?"

அந்த அம்மா மணிக்கட்டைத் தடவுவதை நிறுத்தினார். பிறகு, "எங்க வீட்டு மோட்டார் சுவிட்சு லேசா சுருக்குங்குது. கல்யாணத்துக்கு முன்ன ஒரு நட வந்து பாத்துட்டுப் போங்கண்ணே" என்றார்.

செல்வி நரிக்குடியில் சௌக்கியம். அண்ணாச்சி அடிக்கடி பஸ் ஏறிப் போய் அந்த வீட்டு வயர்களை நலம் விசாரித்துவிட்டு வருகிறார். எங்கள் தெருவில் இதுவரை யாரும் கரண்டு அடித்துச் சாகவில்லை. அதற்கு இவர்தான் காரணம் என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் அவர் ஊரில் இல்லாத நாளில், மாடித் தொட்டி காய்ந்து கிடந்தாலும், மோட்டார் சுவிட்சில் கை வைக்க எனக்கு மனசு வருவதில்லை. சாயங்கால பஸ்ஸில் அவர் வந்து இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.