வாட்ச்மேனுக்கு ஒரு வாளி மணல்

விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டக். சற்று இடைவெளி. டக், டக்.

மெத்தைக்கடை மேனேஜருக்குப் படுத்த வாக்கிலேயே வியர்த்தது. அது என்ன சத்தம் என்று அந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் நின்றது அவருடைய மோட்டார் சைக்கிள். தெருவில் விட்டால் திருட்டுப் போய்விடும் என்று சோபாவைத் துரத்திவிட்டு அதைக் குடிவைத்திருந்தார். வண்டியைத் துடைக்கத் தெரியும், பிரிக்கத் தெரியாது. அன்று மதியம்தான், அதே மாடல் வைத்திருக்கும் கூரியர்காரர் கடைக்கு வந்து விஷயத்தைக் காதில் போட்டுவிட்டுப் போனார். அந்த மாடல் வண்டிகள் அத்தனையையும் கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறதாம். சீட்டுக்கு அடியில் ஒரு ஒயர் சட்டத்தில் உரசி உரசித் தோல் உரிந்துபோகிறதாம். சாவி போடாமலே விளக்கு எரியும், ஸ்டார்ட்டர் டக் டக்கென்று இழுக்கும், முற்றினால் தீப்பிடிக்கும். ஒயரை மாற்றும்வரை ஓட்டக் கூடாது. வீட்டுக்குள் நிறுத்தவே கூடாது. ஷோரூமில் விட்டால் காசு வாங்காமல் மாற்றித் தருவார்கள். ஆனால் ஊரில் இருந்த ஒரே ஷோரூம் மூடிப்போய், அந்த இடத்தில்தான் இப்போது மெத்தைக்கடையே நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஷோரூம் மலைக்கு அந்தப் பக்கம்.

இதை மனைவியிடம் சொன்னால் வண்டி கூடத்தை விட்டு மட்டுமல்ல, குடும்பத்தை விட்டே போய்விடும். ஆகவே மூச்சு விடுவதில்லை என்று வீரமாக முடிவெடுத்திருந்தார்.

"என்னங்க, கூடத்துல என்ன சத்தம்?"

இருட்டில் மனைவியின் குரல். மேனேஜர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மெத்தை விற்ற வாய்.

"பயப்பட மாட்டியே? நமக்கு முன்னாடி இங்க ஒரு வாட்ச்மேன் குடியிருந்தாராம். போய்ச் சேர்ந்துட்டாரு. ராத்திரி டியூட்டிய மட்டும் விடல போலிருக்கு. தடியத் தட்டிக்கிட்டே சுத்துவாராம்."

பல்லியைப் பார்த்தால் பக்கத்து வீடு வரை ஓடுகிறவள். அலறுவாள் என்று காத்திருந்தார். அவள் அலறவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவிடுக்கில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்து அணைந்தது.

"டார்ச்சும் வச்சிருக்காரு."

"வாட்ச்மேன்னா டார்ச் இல்லாமலா?"

க்ர்ர்ர் என்று கூடம் கனைத்தது.

"இருமல் வேற."

"வயசானவரு."

வண்டியை வெளியே நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். திருடனைச் சொல்லி மறுத்துவிட்டார். அவள் குழந்தையின் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

காலையில் பார்த்தால் வண்டி படுக்கையறைப் பக்கம் ஒரு சாண் நகர்ந்திருந்தது. கியரில் விட்ட வண்டியை ஸ்டார்ட்டர் இழுத்திருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னவர் குரலில் தெம்பு இல்லை.

அன்று தொட்டில் பின்னறைக்கு மாறியது. கூடத்து மூலையில் ஒரு வாளி மணல் வந்து உட்கார்ந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, பேய்க்கு மணல் என்றால் ஆகாதாம் என்றாள். படுக்கப் போகுமுன் ஒரு தம்ளர் டீயை வண்டியின் சீட்டில் வைத்தாள். ராத்திரி முழுக்க விழித்திருப்பவருக்குத் தொண்டை வறளும் இல்லையா என்றாள்.

விடிந்தபோது தம்ளர் காலி.

"நீங்களா குடிச்சீங்க?"

"இல்லையே."

"அப்ப அவர்தான்."

மேனேஜர் தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். தான் இட்டுக்கட்டிய ஆள் எப்படி டீ குடிப்பான்? அன்று முழுதும் கடையில் அத்தனை மெத்தைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு தூக்கத்துக்கு ஏங்கினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்: "அவர் பேசினாருங்க."

"யாரு?"

"சீட்டுக்கு அடியில, இடது பக்கம், ஒயரு தோல் உரிஞ்சிருக்காம். குழந்தை இருக்கிற வீட்டுல இத வச்சிருக்கானே உன் புருஷன்னு ரொம்பக் கோபமா இருக்காரு."

இடது பக்கம் என்று கூரியர்காரர்கூடச் சொல்லவில்லை. அடுத்த நிமிடம் வண்டி வாசலுக்கு வெளியே நின்றது. தள்ளியவருக்கே அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. திருடன் வருவானே என்று மனைவி ஒரு நாற்காலியை நீட்டினாள். அவர் காவலுக்கு உட்கார்ந்தார்.

இருட்டியது. தெருக்கோடியில் ஒரு டார்ச் வெளிச்சம் எழுந்தது. டக், டக் என்று கூடவே ஒரு சத்தம். காக்கி உடுப்பில் நெட்டையாக ஓர் உருவம், இருமிக்கொண்டே, வழியில் எந்த வீட்டையும் பார்க்காமல் நேராக அவரை நோக்கி வந்தது. மேனேஜரின் எலும்பெல்லாம் பஞ்சாகிவிட்டது. நாற்காலியோடு சுவரில் போய் ஒட்டிக்கொண்டார்.

உருவம் எதிரே வந்து நின்றது. கையிலிருந்த இரும்புப் பெட்டி முழங்காலில் இடித்துக் கடைசியாக ஒரு டக் சொன்னது.

"சார், மேடம் இருக்காங்களா? வண்டி அவங்க பேர்லதானே?"

கம்பெனி மெக்கானிக். ஷோரூம் இல்லாத ஊர்களுக்கு வேனில் போய் வேலை பார்க்கிறவர். தெரு குறுகல் என்று வேனை முனையில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். பெண்கள் பேரில் வாங்கினால் தள்ளுபடி என்று வண்டியை மனைவி பேரில் வாங்கியது மேனேஜருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று மேடம் போன் மேல் போன் போட்டதால்தான் இன்றைக்கே வந்ததாகச் சொல்லிக்கொண்டே, மெக்கானிக் இடது பக்கத்தைக் கழற்றி ஒயரை மாற்றினார். பழைய ஒயர் கருகிப்போயிருந்தது. இன்னும் ஒரு ராத்திரி தாங்கியிருக்காது சார் என்று அதைக் காட்டிவிட்டு, இருமிக்கொண்டே போய்விட்டார்.

மேனேஜர் கதவைத் தட்டினார். ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. உள்ளே மனைவி அந்தத் தம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனியிலிருந்து எனக்கு எப்ப போன் வந்துச்சு தெரியுமா? நீங்க வாட்ச்மேன் கதை சொன்னீங்களே, அன்னிக்குக் காலையில. இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு ராத்திரி கண்ண மூடல. தீப்பிடிச்சா அணைக்கத்தான் அந்த மணல் வாளி."



"தப்புதாம்மா. இனிமே ஒண்ணும் பயமில்ல. கதவத் திற. வாட்ச்மேன் போயிட்டாரு."

"போயிட்டாரா? அப்ப அந்த வேலை காலியாத்தான இருக்கு. நீங்களே பாத்துக்கோங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. டக்.