கிள்ளானுக்கு அறுபத்து மூன்று, பி.ஜே.க்கு அறுபத்து மூன்று

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
12.8.1989

பெருமதிப்பிற்குரிய அண்ணன் ஜெயராஜ் அவர்களுக்கு,

தங்கை சீதாலெட்சுமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மச்சானும் நலம். பினாங்கில் படிக்கும் மகள் சந்திரகலா இரண்டே வரிதான் எழுதியிருக்கிறாள். ஆகவே அவளும் நலமாகத்தான் இருக்க வேண்டும். கிள்ளானில் நீங்களும் லெட்சுமி அண்ணியும் நலமா என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. வாரத்துக்கு மூன்று முறை போன் செய்கிறீர்கள். ஆனால் போனில் நான் தொடங்கும் வாக்கியங்களை நீங்கள்தான் முடித்துவைக்கிறீர்கள். இன்று சிலவற்றையாவது நானே முடித்துப் பார்க்கலாம் என்றுதான் கடிதம்.

உங்கள் மச்சான் முப்பத்து மூன்று வருடம் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஜூன் மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். செப்டம்பருக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கிள்ளானுக்கு வா என்கிறீர்கள் நீங்கள். பெட்டாலிங் ஜெயாவுக்கு வாருங்கள் என்கிறாள் அவருடைய தங்கை இராஜம்மா. இரண்டும் ஒரே சிலாங்கூர் மாநிலத்து ஊர்கள். நான் வகுப்பில் மாட்டும் புவியியல் வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் கூட இல்லை. ஆனால் நீங்களும் இராஜம்மாவும் பேசுவதைக் கேட்டால் நடுவில் ஒரு கடல் இருப்பதாகத் தோன்றும். நானோ இந்த வீட்டிலிருந்து ஒன்பது நிமிடம் நடந்து பள்ளிக்கூடம் போகிறவள். எனக்கு இன்னும் ஒன்பது வருட வேலை இருக்கிறது. படிப்பித்துக் கொடுப்பது எனக்குப் பிடிக்குமா என்று கேட்டால் உடனே பதில் சொல்லத் தெரியாது. காலை ஏழு இருபதுக்கு வகுப்பறைக் கதவைத் திறந்தால் ஒன்றே முக்கால் வரைக்கும் சர்க்கரை டின் எங்கே என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. அது போய்விடக்கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. இதை நான் உங்கள் மூவரிடமும் சொல்லியிருக்கிறேன். மூவரும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு எத்தனை அறை வேண்டும் என்று கேட்டீர்கள்.

உங்கள் மச்சான் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு வாரம் தங்கிப் பார்த்து மார்க் போடுவது என்று முடிவு செய்தார். என் பள்ளிக்கூட அலமாரியிலிருந்து ஒரு கட்டம் போட்ட நோட்டு எடுத்துக்கொண்டார். தண்ணீர், பாசார், கோயில், கிளினிக், கொசு, முடிவெட்டும் கடை என்று தலைப்புகள். ஓரத்தில் கோடு கூடக் கிழித்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "என் பள்ளிக்கூடம் எங்கேங்க?" என்று கேட்டேன். "அது ஊர் சம்பந்தப்பட்டது இல்லையே சீதா. உன் சம்பந்தப்பட்டது" என்றார். அவருடைய கோடு நேராக இருந்தது.

முதல் வாரம் இராஜம்மா வீட்டில் தங்கினோம். பி.ஜே.யில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருடம் வேகன் எண் எழுதியவருக்கு இது பெரிய சந்தோஷம். "பாத்தியா, ஊருன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் வாங்கப் போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார். நடந்தது இதுதான்: வரிசையில் எல்லா வீடும் ஒன்றுபோல இருந்ததால் ஒரு தெரு தள்ளி அதே எண்ணுள்ள வீட்டுக்குள் நுழைந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார். உள்ளேயிருந்து வந்த சீனர் யார் என்று கூடக் கேட்கவில்லை, மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டு, "அங்கிள், மீட்டர் சீனி லா, இங்க இருக்கு" என்று பக்கவாட்டுச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கூப்பிட்டுப் போனவரின் முகத்தை முறிக்கக்கூடாது என்று இவரும் மீட்டரைப் பார்த்து, எண்ணைப் பேப்பர் ஓரத்தில் குறித்துக்கொண்டு, போன மாதத்தைவிடக் கொஞ்சம் குறைத்துப் பயன்படுத்தும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இராஜம்மா பெருமையாகச் சொன்னாள்: "பாத்தீங்களா அண்ணி? பி.ஜே.ல யாரும் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டாங்க." அமைதி என்ற தலைப்பில் ஒன்பது மார்க் விழுந்தது.

அந்த வாரம் நான் பள்ளிக்குப் போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.ஜே.யிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கைக்கெட்டும் தூரம். ஆனால் நான் ஏறிய மினி பஸ் நேராகப் போகாமல் ஒவ்வொரு குடியிருப்புப் பிரிவையும் போய்க் குசலம் விசாரித்துவிட்டு வந்தது. ஒரே வட்டச் சாலையை இரண்டு தடவை பார்த்ததாக எனக்கு ஞாபகம். ஐந்து நாளில் மூன்று நாள் தாமதம். "டிரான்ஸ்பர் கேளுங்க அண்ணி, ஊரே மாறிட்டீங்க, ஸ்கூல் மாற முடியாதா?" என்றாள் இராஜம்மா. இன்னும் மாறவில்லையே என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் உங்கள் வீடு. அண்ணியின் நண்டுக் குழம்புக்கு உங்கள் மச்சான் பத்துக்குப் பத்து போட்டது உங்களுக்குத் தெரியும். அன்று மதியம் அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு வாசலில் இரண்டு தடவை நடந்ததும் உங்களுக்குத் தெரியும். தெருவுக்கும் தெரிந்தது என்பதுதான் விஷயம். நான்கு மணிக்கு எதிர் வீட்டு ஆன்டி ஓமத் தண்ணீர் கொண்டு வந்தார். ஐந்து மணிக்கு மைலோ டின்னோடு இரண்டு பேர். ஆறு மணிக்கு வந்தவர்கள் எந்த வார்டு என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். உங்கள் நண்பர் இராமலிங்கம் அண்ணன் ஆரஞ்சுப் பழப் பையோடு உள்ளே வந்து, இவர் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன மச்சான், ஒன்னும் இல்லையா?"

"ஒன்னும் இல்லீங்க. கொஞ்சம் காத்து."

"காத்தா? நான் ஆபீஸ்ல அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன் லா!"

அவர் முகம் வாடியதைப் பார்த்து உங்கள் மச்சான் முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டார். அண்ணே, கிள்ளானில் மனிதர்கள் அன்பானவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பாசாரிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நான் வாங்கிய கத்தரிக்காய் முற்றல் என்பது அண்ணிக்குத் தெரிந்திருந்தது.

அதே வாரம்தான் உங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. நான் பதறிப்போய் நோட்டுகளையெல்லாம் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். நீங்கள் செருப்பை மட்டும் எடுத்துப் படியில் வைத்துவிட்டு, "இது வெள்ளம் இல்லம்மா, கடல் ஏத்தம். மூணு மணிக்குப் போயிடும்" என்றீர்கள். மூன்று மணிக்குப் போனது. உங்கள் மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பத்து மூன்று வருடத்தில் சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரத்துக்குப் புறப்பட்ட எதையும் அவர் பார்த்ததில்லை. தண்ணீர் என்ற தலைப்பில் பத்து மார்க் போட்டார். அது குடிதண்ணீருக்கான தலைப்பு என்றேன். அழிக்க மனம் வரவில்லை அவருக்கு.

கிள்ளானிலிருந்து பள்ளிக்குக் காலை ஐந்தரை மணி பஸ். தாமதம் ஆகவில்லை, சொல்லப்போனால் காவலாளிக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் நாள் ஐந்தாம் படிவ வகுப்புக்குத் தென் அமெரிக்கா நடத்திக்கொண்டிருந்தபோது கரும்பலகையில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். முப்பத்தெட்டுப் பேரும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்களாம். என் பணிக்காலத்தில் அவ்வளவு ஒழுங்கான வகுப்பு அது ஒன்றுதான். இதை உங்களிடம் சொன்னபோது, "இருபது வருஷம் படிச்சுக் குடுத்தது போதாதா? வேலைய விட்டுட்டு வந்து நிம்மதியா இரு லா" என்றீர்கள். நிம்மதியாக இருந்து நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். கத்தரிக்காய் முற்றலா என்று கற்றுக்கொள்ளலாம்.

திரும்பி வந்து உங்கள் மச்சான் கூட்டிப் பார்த்தார். கிள்ளான் அறுபத்து மூன்று. பி.ஜே. அறுபத்து மூன்று. மறுபடியும் கூட்டினார். பிறகு பி.ஜே. முடிவெட்டுபவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று ஒரு மார்க் குறைத்தார். கிள்ளான் முடிவெட்டுபவர் பேச்சை நிறுத்தவே இல்லை என்று அதிலும் ஒன்று குறைத்தார். பரீட்சைத் தாளில் நான் இப்படி மார்க் போட்டால் வேலை போய்விடும்.

அதற்குப் பிறகுதான் பூக்கட்டிப் பார்ப்பது என்ற யோசனை வந்தது. கிள்ளானுக்கு வெள்ளைப் பூ, பி.ஜே.க்குச் சிவப்புப் பூ. ஊருக்கொரு பொட்டலமாக வாழையிலையில் கட்டி அம்மன் காலடியில் வைத்து, கோயிலுக்கு வந்த சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வது. முதலில் இராஜம்மா தன் பேட்டைக் கோயிலில் ஏற்பாடு செய்தாள். சிவப்பு வந்தது. அவள் கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். செய்தி கேட்டதும் நீங்கள், "அங்க உள்ள சாமி அங்கதான வரச் சொல்லும்?" என்று சொல்லி உங்கள் கோயிலில் ஏற்பாடு செய்தீர்கள். வெள்ளை வந்தது. நீங்கள் தேங்காய் உடைத்தீர்கள்.

எதையும் பிரித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை இரண்டு கோயிலிலிருந்தும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வீட்டில் பிரித்தேன். இராஜம்மா கோயிலில் எடுக்காமல் விட்டதும் சிவப்பு. அண்ணே, உங்கள் கோயிலில் எடுக்காமல் விட்டது என்ன நிறம் என்று நான் இங்கே எழுதவில்லை. உங்கள் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வாழையிலையைக் கட்டியவருக்கு வெள்ளைப் பூ மிகவும் பிடிக்கும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியில் போன வெள்ளிக்கிழமை இங்குள்ள கோயிலில் நானே கட்டி வைத்தேன். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. கட்டும்போது இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. ஆகவே கிள்ளான். உங்கள் மச்சான் நோட்டை மூடி ரப்பர் வளையம் போட்டுவிட்டார். இராஜம்மா இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. தலைமையாசிரியையிடம் திங்கட்கிழமை கொடுக்கலாம், செவ்வாய்க்கிழமையும் கொடுக்கலாம்.

எனவே, அண்ணே, நாங்கள் கிள்ளானுக்கு வருவது உறுதி. செப்டம்பர் இரண்டாம் தேதி சனிக்கிழமை காலையில் உங்கள் கடை லோரியை இங்கே அனுப்பி வையுங்கள். தூக்குவதற்கு இரண்டு ஆளும் வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. எதிர் வீட்டு ஆன்டிக்கும், கேட்கும் மற்ற எல்லாருக்கும், அவர்கள் எப்படியும் கேட்பார்கள், என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் எல்லாரையும் அம்மன் நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை,
சீதாலெட்சுமி நாகையா

பின்குறிப்பு (16.8.1989, புதன்): ஸ்டாம்ப் வாங்க மறந்ததால் கடிதம் ஐஸ்பெட்டி மேலேயே நான்கு நாள் இருந்துவிட்டது. இதற்கிடையில் நேற்று மதியம் கிள்ளானில் வீடு வாங்க அரசாங்க வீட்டுக் கடன் பாரம் நிரப்ப உங்கள் மச்சானும் நானும் போயிருந்தோம். அவருடைய ஓய்வுத் தொகை முன்பணத்துக்குத்தான் போதும். அங்கிருந்த பெண் கிராணி பேனாவைத் திறந்துகொண்டு, "யாரு பேர்ல லோன் ஆன்டி?" என்று கேட்டாள். இவர் பேரில் என்றேன்.

"அங்கிள் பென்சன் ஆயிட்டாரு இல்ல? அவருக்குப் புதுசா குடுக்க மாட்டாங்க லா. சர்வீஸ்ல இருக்கறது நீங்கதானே? உங்க பேர்லதான் போடணும். மாசா மாசம் சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. வேலைய மட்டும் விட்றாதீங்க."

உங்கள் மச்சான் பாரத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தன் பெயர் எழுத அதில் இடம் இல்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வீடு எங்க வேணும், ஆன்டி?" என்றாள் அந்தப் பெண்.

நான்கு மாதத்தில் எத்தனையோ பேர் எங்கே வரவேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். எங்கே வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதனால் பதில் தயாராக இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் என் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், இதே பிரிக்பீல்ட்ஸில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு விற்பனைக்கு இருப்பதைச் சொல்லிவிட்டேன். எட்டு மாதமாக அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகிறேன். போன் நம்பரையும் மனப்பாடமாகச் சொன்னேன். அது எனக்கே ஆச்சரியம். "பிரிக்பீல்ட்ஸ நம்ம லிஸ்ட்லயே சேக்கலையே சீதா" என்றார் உங்கள் மச்சான். "ஆமாங்க, சேக்கல" என்று கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அங்க காத்து வருமா?" என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன்.

அம்மன் பேச்சை மீறிவிட்டேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் அம்மனிடம் கேட்டது இரண்டு ஊரைப் பற்றித்தான். ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில்தான் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன்.

அந்த வீட்டுக்காரரிடம் போன் செய்து கேட்டுவிட்டேன், கடன் வரும்வரை வாடகைக்கு இருக்கலாமாம். ஆகவே கிள்ளானுக்கு நாங்கள் வரவில்லை. ஆனால் லோரியைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். புது வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்றாலும் பீரோ மிகவும் கனம், லிஃப்டும் கிடையாது. ஆள் மூன்று பேராக அனுப்புங்கள்.