முப்பது ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்த பொலிஸ் நாய்

சிவமயம்

சண்டிலிப்பாய்,
27-10-1949, கந்தசட்டி ஆறாம் நாள்.

என் சகோதரியின் மகனும் கொழும்பில் பெரிய கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்கருமாகிய சிரஞ்சீவி பரமலிங்கத்துக்கு மாமன் ஆழ்வாப்பிள்ளை எழுதுவது. இங்கு நானும் உமது மாமி மீனாம்பிகையும் முருகன் செயலால் சுகம். அங்கு நீர் சுகமாய் இருப்பீர் என்பதில் எனக்கு ஐயமில்லை. புத்திமதி சொல்லிவிட்டுத் தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒருநாளும் சுகக்கேடு வருவதில்லை.

நடந்தது இதுதான். உமது சொற்படி நான் ஏலத்தில் எடுத்த பொலிஸ் நாய், ஆறு நாளில் ஒரே ஒரு நேரம் தின்றிருக்கிறது. அதுவும் என் கையால் அல்ல.

என் புகையிலைக் குடிலைக் கள்ளர் இரண்டாம் முறை உடைத்தபோது, "மாமா, பொலிஸ் நாய் ஒண்டு வாசலிலை கிடந்தால் கள்ளன் ஒழுங்கையாலையும் போகான்" என்று எழுதினீர். சாவகச்சேரியில் ஒருவனைத் துரத்தி மதிலால் பாய்ந்து முன்னங்கால் முறிந்த நாய், மேஜர் என்று பெயர், விலைக்கு வருகிறது என்று அறிவித்தவரும் நீரே. அதை நடத்திய கொன்ஸ்டபிள் மரியரட்ணம், குருநகர் ஆள், அதே கிழமை சேவை முடிந்து இறங்கினார். ஆளுக்குப் பென்சன், நாய்க்கு ஏலம். ஏலத்துக்கு அந்த மனிசனும் வந்திருந்தார். இருபத்தைந்து வரை கேட்டுக்கொண்டு வந்தவர், நான் முப்பது என்றதும் வாயை மூடிவிட்டார். பிறகு என் கிட்ட வந்து, "ஐயா, அதை விடுங்கோ, அது உங்களோடை சீவியாது" என்றார். நான் சிரித்தேன். "இஞ்சாரும், மற்றவன்ரை புகையிலைச் சிப்பத்தை வாங்கேக்கை நானும் உப்பிடித்தான் பழுது சொல்லுறனான்" என்றேன். தலையில் புகையிலை சுமந்து தொடங்கி நாற்பது வருடம் சந்தையில் நின்றவன் நான். ஒருவன் ஒரு சாமானைப் பழித்தால் அது அவனுக்கு வேண்டும் என்பது எனக்குப் பாலபாடம். அதைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேன். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் பாடத்தில் இல்லை.

நாய் வீட்டுக்கு வந்தது சட்டி விரதம் தொடங்கிய அன்று. சோறு வைத்தோம், திரும்பிப் பார்க்கவில்லை. பால் வைத்தோம், இல்லை. பொலிஸ் நாய் மச்சமாமிசம் கேட்கும் என்றார்கள். மாமி விரதம், வளவுக்குள் மச்சம் அவிக்கப்படாது. ஆகவே றோட்டுக்கு அங்காலை இருக்கிற கத்தரீனாவைக் கொண்டு ஆட்டிறைச்சி அவிப்பித்து, ஐம்பத்தெட்டு வயதில், நானும் விரதத்தோடு, மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வேலியால் பானை சுமந்தேன். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர் மட்டும் குடித்தது.

அது போதாதா எங்கடை சனத்துக்கு? மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பத்மாவதி படலையில் நின்று, "அண்ணை, உது சும்மா நாயில்லை. வைரவற்றை வாகனம். தண்ணியோடை சட்டி விரதம் பிடிக்குது, பாருங்கோ!" என்றாள். அவ்வளவுதான். பின்னேரம் வளவு நிறையச் சனம். நெற்றியில் திருநீறு, முன்னால் கற்பூரம். நான்காம் நாள் வடைமாலையும் போட்டார்கள். கழுத்தில் பதினெட்டு வடை, வயிற்றில் ஒன்றும் இல்லை. நாய் எழுந்து நிற்கவே ஏலாமல் கிடந்தது, "தியானம்" என்றார்கள். இந்தச் சனம் என்னிடம் கடனுக்குப் புகையிலை வாங்கும்போது இவ்வளவு பக்தியைக் கண்டதில்லை.

ஐந்தாம் நாள் விலா எலும்பை எண்ணலாம் என்று ஆனபோது மரியரட்ணத்துக்கு ஆள் அனுப்பினேன். மத்தியானம் வந்தார். அன்றைக்கும் கத்தரீனா அவித்துத் தந்த பானைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து நீட்டினார். கிடந்த நாய் தவழ்ந்து வந்து அவர் கையோடு சேர்த்துத் தின்றது. சட்டி விரதத்தில், எல்லோரும் பார்த்திருக்க, ஆட்டிறைச்சி! பத்மாவதி கும்பிட்ட கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, "சிவ சிவா!" என்று ஓடினாள். வளவு வெளித்துவிட்டது. வடையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இதென்ன வித்தை?" என்று கேட்டேன்.

"வித்தையில்லை ஐயா, படிப்பிச்சது அப்பிடி. கள்ளர் நஞ்சு வைப்பாங்கள் எண்டு வேறை ஒருதற்றை கையாலும் தின்னப் பழக்கிறேல்லை. எனக்குக் காய்ச்சல் எண்டு ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை, கட்டிலுக்குப் பக்கத்திலை கொண்டுவந்து கட்டிவிட்டாங்கள், நான் என்ரை கையாலை தீத்த. அதுக்கு நாளுக்கு ரண்டு இறாத்தல் இறைச்சி சர்க்கார் குடுத்தது. அது சுகமில்லாமல் கிடந்தால் டொக்டர் காரிலை வருவார். எனக்கெண்டால் சம்பளத்திலை வெட்டு."

"உதை ஏலத்தண்டே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனே. நீங்கள் சிரிச்சனீங்கள்."

பிறகு கேட்டார்: "ஐயா, நாயைத் தாருங்கோ. உங்கடை முப்பதையும் மாசம் மாசமாய்க் கட்டித் தாறன்."

மருமகன், உமக்கு மறைக்க என்ன இருக்கிறது? நான் "நாப்பது" என்றேன். நாற்பது வருடப் பழக்கம், வேண்டியவனைக் கண்டால் வாய் தானாக ஏற்றிவிடுகிறது. அவர் என்னைப் பார்த்தார். கையைப் புல்லில் துடைத்தார். போய்விட்டார். நாய் படலை வரை நொண்டிக்கொண்டு போய் அங்கேயே விழுந்து கிடக்கிறது. இன்றைக்கு ஆறாம் நாள். மறுபடி ஒன்றும் தின்னவில்லை.

ஆகையால் கேளும். இனி அந்த ஆளிடம் நான் இறங்கிப் போகமாட்டேன், அவருக்கு ஒரு சதமும் குறைக்கமாட்டேன், நாயும் இல்லை. நீர் வருகிற சனிக்கிழமை மெயில் ரயிலில் வந்து இந்தச் சனியனைக் கொண்டுபோய், கொழும்பில் யாராவது துரை தலையில் கட்டி, என் முப்பது ரூபாயை அனுப்பிவைக்க வேண்டியது. இனி என் வளவில் நாய் என்ற சொல்லும் கேட்கப்படாது.

நல்லூர்க் கந்தன் உமக்கு நீண்ட ஆயுளும், அடுத்தவனுக்குப் புத்தி சொல்லாத வாயும் அருள்வாராக.

இப்படிக்கு, உமது மாமன்
ஆழ்வாப்பிள்ளை

பிற்குறிப்பு: வெள்ளி மத்தியானம். தபால்காரன் வரமுன் எழுதுகிறேன். மேலே உள்ளது எல்லாம் ரத்து, நீர் வரவேண்டாம். விடிய விரதம் முடித்துப் பாறணைக்கு இலை போட்டபோது உமது மாமி சாப்பிட இருக்கமாட்டேன் என்றுவிட்டா. "இஞ்சேருங்கோ, விரதம் எண்டு நினைச்சுக் கும்பிட்டம், அது சரி. பட்டினி எண்டு தெரிஞ்ச பிறகும் பாத்துக்கொண்டு சாப்பிடுறதோ? அது தின்னட்டும், நான் தின்னுறன்." ஏழு நாளாய் வாயில் ஒன்றும் படாத மனுசி. வாடகைக் கார் பிடித்து, நாயை என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு குருநகர் போனேன். மரியரட்ணம் வலை காயும் இடத்தில் நின்றார். நாயைச் சும்மா வைத்திரும் என்றேன். "இனாமாய் வேண்டாம் ஐயா, பிறகு சொல்லிக் காட்டுவியள்" என்றார். கடைசியில் விலையைச் சொன்னது அவர்தான். பேசி முடித்தபடி: மரியரட்ணத்துக்குக் குடில் காவல் வேலை, மாதம் முப்பத்தைந்து ரூபாய், இருக்க வேலியோரக் கொட்டில். நாயின் விலை முப்பது, இருபத்தைந்து அல்ல, நாற்பதும் அல்ல. மாதம் ஒரு ரூபாயாகச் சம்பளத்தில் கழியும். இறைச்சிச் செலவு என்னுடையது, சமையல் வேலிக்கு வெளியே. ஞாயிறு காலை ஆளும் நாயும் மாதா கோயிலுக்குப் போகலாம். ஆள் முந்திக் கண்ணை மூடினால் நாய் பட்டினி கிடக்கப்படாது. ஆகவே அது என் கையைப் பழகும் வரை, தினம் காலையில் அவர் கைக்குக் கீழே என் கையையும் வைத்து இறைச்சி தீத்தவேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கு விலக்கு.