சொட்டுக்காரர்

விருந்தாளிக்குக் குடிக்கக் கொடுப்பவர்கள் பல வகை. கேட்டதைக் கொடுப்பவர்கள், இருப்பதைக் கொடுப்பவர்கள், "என்ன சாப்பிடுறீங்க?" என்று விசாரித்துவிட்டுக் கொடுக்க மறந்துபோகிறவர்கள். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போவது இந்த மூன்றிலும் சேராத ஒரு ஜாதி. கொடுப்பார், ஆனால் கொடுப்பதற்கு முன்னால் பாடம் நடத்துவார். இவருக்குச் சொட்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

சொட்டுக்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். கூடத்து அலமாரியில் புத்தகம் இருக்கவேண்டிய தட்டில் பழுப்புநிறக் குப்பிகள் வரிசையாக நிற்கும். யாருக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவை பிட்டர்ஸ். மரப்பட்டை, வேர், பழத்தோல், வாசனை விதை எல்லாவற்றையும் கடுமையான சாராயத்தில் வாரக்கணக்கில் ஊறவைத்து வடித்த கசப்புச் சாறு. தனியாகக் குடிக்கிற சமாசாரம் இல்லை. காக்டெயில் கலக்கும்போது இரண்டு சொட்டு விட்டால் பானத்துக்கு ஒரு மணமும், அடிநாக்கில் ஒரு பிடிப்பும் வரும். அவ்வளவுதான் விஷயம். நான் நாலு வரியில் சொல்லிவிட்டேன். சொட்டுக்காரருக்கு நாலு வருடம் போதவில்லை.

அவர் குப்பியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். மூடியோடு வரும் கண்ணாடிக் குழாயின் ரப்பர் தலையை இரண்டு விரலால் மெல்ல அழுத்துவார். ஒரு சொட்டு விழும். நிறுத்துவார். ஜின்னுக்கு ஏன் ஆரஞ்சு, விஸ்கிக்கு ஏன் பட்டை கிராம்பு, ரம்முக்கு ஏன் கோகோ என்று விளக்கிவிட்டு, இடம் மாற்றிப் போட்டால் என்ன விபரீதம் நேரும் என்பதையும் சொல்லிவிட்டு இரண்டாவது சொட்டை விடுவார். கிளாஸ் உங்களை நோக்கி வரும். நீங்கள் கையை நீட்டுவீர்கள். கிளாஸ் பின்வாங்கும்.

"இருங்க, முதல்ல மோந்து பாருங்க. என்ன தெரியுது?"

இது கேள்வி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். எலுமிச்சை என்று நீங்கள் சொன்னால் அது ஏலக்காய். அடுத்த வாரம் முன்னெச்சரிக்கையாக ஏலக்காய் என்றால், அதற்குள் அது கிராம்பாகியிருக்கும். சரியான விடை சொல்லி அந்த வீட்டில் யாரும் குடித்ததில்லை. இதற்குள் ஐஸ் கரைந்துவிடும். கரைந்த ஐஸ் பானத்தை எப்படிக் கெடுக்கும் என்பது தனிப் பாடம்.

எனக்குத் தெரிந்த சொட்டுக்காரர் எதிர்வீட்டுப் பல் மருத்துவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; தொழில் அப்படி. காலையிலிருந்து மாலைவரை, வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடப்பவர்களிடமே பேசுகிறார். "நான் சொல்றது சரிதானே?" என்று கேட்பார், கிடப்பவர் "ஆ" என்பார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்துவிட்டார். நான் அவருக்கு நோயாளி, விருந்தாளி இரண்டும். ஆகவே என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அவர் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். வக்கீல்கள் பேசுவதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டு வீட்டுக்கு வருவார். வீட்டில் எழுதத் தேவையில்லை என்பதுதான் வித்தியாசம். சனிக்கிழமை மாலைகளில் நானும், அந்த அம்மாவின் தம்பியும் அங்கே கூடுவோம். தம்பி லிஃப்ட் மெக்கானிக். முதல் சொட்டுக்கும் இரண்டாவது சொட்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு போன் வரும், எங்கோ லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள், தம்பி கிளம்பிவிடுவார். ஊரிலுள்ள லிஃப்டுகள் ஏன் சனிக்கிழமை மாலையாகப் பார்த்து நிற்கின்றன என்று மருத்துவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்படியே போயிருக்கும். மருத்துவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் அவர் ஆரஞ்சுக் குப்பியைத்தான் சந்தேகப்பட்டார், கெட்டுப்போய்விட்டது என்று. ஏலக்காயைத் திறந்தார். கோகோவைத் திறந்தார். எல்லாம் பச்சைத் தண்ணீர். கிளினிக்குக்குப் போய், தெருமுனைவரை மணக்கும் கிராம்பு எண்ணெயை மூக்கருகே வைத்து இழுத்தார். ஒன்றுமே இல்லை. நாக்கில் உப்பு, புளிப்பு, கசப்பு என்று மொத்தமாக ஏதோ தெரிந்தது. அதற்குமேல் எது எதென்று தெரியவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, திரும்பி வரும், சில பேருக்குச் சீக்கிரம், சில பேருக்கு நாளாகும் என்றார். வராமலே போகுமா என்று கேட்க இவருக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போல விஸ்கியை ஊற்றினார், குழாயை அழுத்தினார், கிளாசைக் கொடுத்தார். பாடம் வரவில்லை. நாங்கள் ஒரு வாய் குடித்தோம். அவர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார். பிறகு, காத்திருந்தார்.

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

"கொஞ்சம் கசக்குது அத்தான்," என்றார் தம்பி.

"இன்னைக்கா?"

"எப்பவுமே."

மருத்துவர் கிளாசை வாங்கி மேசையில் வைத்தார். அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மூக்கு போனதுகூடப் பெரிதில்லை, இனி நாலு பேர் நடுவில் என்ன பேசுவது என்பதுதான் அவருக்குப் பயம் என்று எனக்குத் தோன்றியது. தம்பி போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று ஊரில் ஒரு லிஃப்டும் நிற்கவில்லை. இருட்டு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் பயந்துவிடாமலிருக்க, வெளியே நின்றபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறந்த கதையை அவர் சொன்னார். பல வருடமாக அந்த வீட்டுக்கு வருகிற மனிதருக்கு இவ்வளவு நன்றாகக் கதை சொல்ல வரும் என்று எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் மருத்துவர் மனைவியைச் சமையலறையில் உட்காரவைத்தார். குப்பிக்கு ஒரு கிளாஸாக, சோடாவில் இரண்டு சொட்டு விட்டு, குடித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னார். தன் மூக்கு திரும்பும்வரை மனைவியின் மூக்கை வைத்துச் சமாளிக்கலாம் என்பது திட்டம். அந்த அம்மா ஒன்றைக் குடித்துவிட்டு, மழை வருவதற்கு முன் தன் கோர்ட்டின் பழைய கட்டடத்தில் அடிக்கும் வாசனை என்றார். இன்னொன்று, சின்ன வயதில் பென்சில் சீவும்போது வரும் வாசனை. எல்லாம் தப்பு. ஒன்று வேர், மற்றது கோகோ. ஆனால் திருத்துவதற்கு இவரிடம் என்ன சாட்சி இருக்கிறது? பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அந்த அம்மா பேசிக்கொண்டே போனார். நடுவில் கிளாசைக் கீழே வைத்தார்.

"எனக்கு மாத்தல் வந்திருக்குங்க. பதவி உயர்வோட. வேற ஊரு."

"எப்போ வந்துச்சு?"

"போன மாசம். சம்மதம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"மூணு தடவை சொல்ல வந்தேன். ஒரு தடவை ஆரஞ்சு, ஒரு தடவை ஏலக்காய், ஒரு தடவை கோகோ."

மருத்துவருக்கு முதலில் கோபம் வந்ததாம். கிளினிக்கை விட்டுவிட்டு வர முடியுமா, இந்த வயதில் தனித்தனியாக இருக்க முடியுமா என்றெல்லாம் கேட்க வாயைத் திறந்தாராம். வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். கடைசியில், தனியாகப் போய்விடலாம் என்றா நினைத்தாய் என்று மட்டும் கேட்டார்.

"இங்கயும் அப்படித்தானே இருந்தேன்," என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. எழுதியதைத் திருப்பி வாசிக்கிற மாதிரி சொன்னார்.

மருத்துவர் பெட்டி கட்ட உதவினார். ரயிலேற்றிவிட்டு வந்து இரண்டு வாரம் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் சனிக்கிழமை கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவரும் ரயிலேறினார்.

அங்கே அந்த அம்மாவின் வாடகை வீட்டில் நாற்காலி ஒன்றுதான். இவர் பெட்டிமேல் உட்கார்ந்தார். அந்த அம்மா தானாகவே ஜின்னும் சோடாவும் கலந்து, இவர் கொண்டுவந்த குப்பியைக் குழம்புக்கு எண்ணெய் ஊற்றுவதுபோலச் சாய்த்துவிட்டுக் கொடுத்தார். இவர் ஒரு வாய் குடித்தார். கசப்பு காதுவரை ஏறியது. அதன் பின்னாலேயே, மூக்குக்குள், சந்தேகத்துக்கிடமில்லாமல் ஆரஞ்சுத் தோல். போன மூக்கு திரும்பிவிட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா.

சொட்டின் கணக்கு, ஐஸின் அளவு, ஜின்னின் தன்மை எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன. அவர் அதையெல்லாம் அந்தக் கசப்போடு சேர்த்து விழுங்கினார்.

"குடிக்கலாம். இந்த வாரம் கோர்ட்ல என்ன நடந்துச்சு? நீ சொல்லு," என்றார்.

ஜன்னலில் வெளிச்சம் போகும்வரை அந்த அம்மா சொன்னார்.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது என் கடைவாய்ப் பல்லைச் சுத்தம் செய்யும்போது. எனக்கும் சொல்வதற்கு ஏராளமாக இருந்தது. "ஆ" என்றேன்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? வாரம் தவறாமல் ரயிலேறுகிறார். குப்பிகளில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் அடுத்தவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதன் அருமையைப் பற்றி இப்போது யாரையும் பேசவிடாமல் பேசுகிறார். மனைவி கையை உயர்த்தினால் நிறுத்திவிடுகிறார், அந்தமட்டில் லாபம்.

உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள், இல்லையா? குடிப்பழக்கம் இல்லை, வீட்டில் குப்பியும் இல்லை. நல்லது. போன வாரம் உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். காப்பி கொடுத்தீர்கள். கொட்டையை எந்தக் கடையில் வாங்கினீர்கள், எவ்வளவு நேரம் வறுக்கச் சொன்னீர்கள், தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கவேண்டும் என்றெல்லாம் அழகாக எடுத்துச் சொன்னீர்கள். அவரும் தலையாட்டிவிட்டு, குடித்துவிட்டுப் போனார்.

அவர் எதற்காக வந்திருந்தார்?