இருபது எழுத்துக்கு மேல் இடமில்லை

கண் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அதிகாரி, கம்ப்யூட்டர் மாத இதழின் நாற்பத்திரண்டாம் பக்கத்தை மூன்றாவது தடவை படித்துவிட்டு மேஜைமேல் வீசிய வீச்சில், டீ கோப்பை ஒரு குதி குதித்தது.

'ரெக்கார்டா' என்கிற டேட்டாபேஸ் மென்பொருளை 'விசைப்பூச்சி' என்ற புனைபெயரில் யாரோ தோலுரித்திருந்தார்கள். ஒரு காலத்தில் ராஜாவாம், இப்போது பல் விழுந்த ராஜாவாம். பெயர் இருபது எழுத்தைத் தாண்டினால் வாலை நறுக்கிவிடுமாம். ஒரு பிழையைத் திருத்த ஐந்து திரை தாண்ட வேண்டுமாம். போட்டியாளனான 'டேபிள்மேன்' இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யுமாம்.

பதினோரு வருஷத்துக்கு முன் ரெக்கார்டாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவரே இவர்தான். அங்கே இவருக்குப் பெயரே 'ரெக்கார்டா சார்'. அதைத் திட்டினால் இவரைத் திட்டின மாதிரி.

இதழைக் கொண்டுவந்து கொடுத்தவன் மச்சினன். டேபிள்மேன் விற்பதுதான் அவனுடைய பிழைப்பு.

"நான் எழுதலை அத்தான். எனக்கு விற்கத்தான் தெரியும், எழுத வராது" என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சும்மா விடுவதா? உடனே ஆசிரியருக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல, மனைவி டைப் செய்தாள். ஆஸ்பத்திரியில் மிஞ்சும் நோயாளி அட்டைகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தால் ரெக்கார்டாவில் ஏற்றித் தருபவளும் அவள்தான்.

"'மூடர்'னே போடணுமா? 'அறியாதவர்'னா போதாதா?" என்று கேட்டாள்.

"மூடர்னே போடு."

போட்டாள். தபாலிலும் அவளே சேர்த்தாள்.

அடுத்த மாதம் இரண்டு பக்கக் கடிதம் மூன்று வரியாகச் சுருங்கி, 'பழசின்மேல் பாசம்' என்ற தலைப்பில் வந்தது. கீழே 'ஒரு மூத்த வாசகர்' என்று வேறு. அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அதற்கும் கீழே விசைப்பூச்சியின் பதில்: 'வாசகர் ரெக்கார்டாவைப் புகழ்கிறார், சரி. தொட்டிருக்கிறாரா என்பதுதான் சந்தேகம்.'

அவருக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. தொட்டுக் காட்டுகிறேன் என்று, நாலு பேர் முன்னால் ஒரு போட்டிக்கு மச்சினனைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரி ஹாலில் ஒரே நோயாளி விவரங்களை ஏற்றி இரண்டு கம்ப்யூட்டர்கள் வைத்தார்கள். நடுவர், தலைமை மருத்துவர். அந்த அம்மாளும் அங்கேயே கண் பரிசோதனை செய்துகொண்டவர் என்பதால், என் பெயரையே தேடுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்பா பெயர், வீட்டுக்காரர் பெயர் எல்லாம் சேர்ந்து ரயில் மாதிரி நீண்ட பெயர் அது.

டேபிள்மேன் மூச்சு விடுவதற்குள் கண்டுபிடித்தது. ரெக்கார்டா யோசித்து யோசித்து, அப்படி யாரும் இல்லை என்றது.

"முப்பது வருஷமா இங்கதான் இருக்கேன்" என்றார் தலைமை மருத்துவர்.

வால் நறுக்கப்பட்ட பெயரைத் திருத்தலாம் என்று ரெக்கார்டா சாரே இரண்டு விரலால் தட்டித் தட்டி நான்கு திரை தாண்டினார். ஐந்தாவதில் எந்த விசையை அழுத்தினாரோ, அன்றைய புறநோயாளிகள் நாற்பது பேரும் 'இறந்தோர்' பட்டியலுக்குப் போய்விட்டார்கள். கண்ணில் சொட்டு மருந்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை நர்ஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உயிரோடிருப்பதைக் கையெழுத்து வாங்கி உறுதிசெய்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரி டேபிள்மேனுக்கு மாறியது. பயிற்சி கொடுக்க மச்சினனையே போட்டார்கள். ரெக்கார்டா சார் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நேற்று வரை தன் வீட்டில் சோறு தின்றவனிடம் 'புரிந்ததா சார்' என்று கேள்வி வாங்கவேண்டியதாயிற்று. பதினோரு வருஷத்து மானம் ஒரே மாதத்தில் கப்பலேறியதற்கு யார் காரணம்? அந்த விசைப்பூச்சி. ஆளை நேரில் பார்த்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காவிட்டால் தின்கிற சோறு செரிக்காது.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பத்திரிகை ஆபீசுக்குப் போனார். வாசல் மேஜையில் ஒரு பெண் தபால்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். விசைப்பூச்சியின் விலாசம் வேண்டும் என்றார். எழுதுகிறவர்கள் விலாசத்தைத் தருவதில்லை என்றாள். தன்னைப் பகிரங்கமாக அவமானப்படுத்தியவனின் விலாசத்தைக் கேட்கத் தனக்கு உரிமை உண்டு என்றும், 'மூத்த வாசகர்' என்று அவர்கள் போட்ட ஆள் தான்தான் என்றும், வாங்காமல் நகரப்போவதில்லை என்றும் குரலை உயர்த்தினார்.

அவள் பெயரைக் கேட்டாள். சொன்னார். பதிவேட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தவள், அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன சார் விளையாடறீங்க? உங்க கடிதமும் அந்தம்மாவோட அடுத்த கட்டுரையும் ஒரே கவர்லதானே வந்துச்சு."