படலை அண்ணை மறித்த பெயர்

திறப்பதற்காகச் செய்யாத வாசல் படலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் படலை அண்ணை. நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் இருந்த எங்கள் மென்பொருள் கொம்பனிக்கு அவர்தான் காவல். நாங்கள் எழுதும் நிரல் வெளியே போகுமுன் அதைத் தானாகவே சோதிக்கும் ஒரு கருவியைப் பொருத்தி வைத்திருந்தார். ஓர் ஓட்டையோ, மறந்துவிட்ட கடவுச்சொல்லோ அகப்பட்டால் சிவப்பு எழுத்து வரும், படலை சாத்தப்படும்.

ஒருநாள் முதலாளியே அவரிடம் வந்தார். "அவசரம் தம்பி, உந்தக் கருவியை ஒருக்கா நிப்பாட்டும்."

"ஓம், நிப்பாட்டலாம். கள்ளனுக்கும் அவசரம்தான். அவனுக்கும் சொல்லி விடுறன்."

முதலாளி ரீ குடிக்கப் போய்விட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் பெயரில் கைவைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. எழுதியவர் பெயரை நிரலின் தலைப்பில் போடுவது எங்கள் வழக்கம். நான் சிவசண்முகானந்தமூர்த்தி. ஆங்கிலத்தில் எழுதினால் தேர்வடம் போல நீளும். அன்று பின்னேரத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரிக்கு நிரல் போயாக வேண்டும். முந்தின நாள்தான் புதுப்பித்திருந்த கருவி மறித்தது. இரகசியத் திறப்பு ஒன்றை, அதாவது ஒரு சாவியை, நிரலுக்குள் வெளியில் தெரிய விட்டிருக்கிறேனாம். எது திறப்பு? என் பெயர்!

"அண்ணை, இது திறப்பில்லை. அப்பா வைச்ச பெயர்!"

"கருவிக்கு என்னெண்டு தெரியும்? நீளமான எழுத்துக் கோவையெண்டால் அதுக்குத் திறப்புத்தான். ஒரு பெயரை விட்டால், நாளைக்குத் திறப்பும் பெயர் எண்டு சொல்லிக்கொண்டு வரும். 'சிவா' எண்டு சுருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாங்கில சுருக்கினாங்கள். பாஸ்போட்டில பிழையா அடிச்சாங்கள். இப்ப மிசினுக்கும் சுருக்கோணுமோ? ஏலாது! நான் வீட்டை போறன்."

பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் மேலே பெரிய சத்தம் கேட்டது. கருவி செய்த வெளிநாட்டுக் கொம்பனிக்குப் போன் எடுத்து அண்ணை கத்திக்கொண்டிருந்தார்.

"கீ இல்லை ஐசே, நேம்! எங்கடை பெடியன்ரை நேம்! அவன் ஏன் சுருக்கோணும்? உங்கடை மிசினைத் திருத்தும். எழுதும், சொல்லுறன்!"

என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். திரும்பி ஏறி வந்தேன். போனை வைத்தவர் என்னைப் பார்க்கவேயில்லை. நிரலை வரிவரியாகத் தானே வாசித்தார். பிறகு, முதலாளிக்கும் திறக்காத படலையைத் தன் கையால் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அது என் முழுப் பெயரோடு போனது.

அப்பாவுக்குப் பிறகு என் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னவர் அவர் ஒருவர்தான். இப்போது கொழும்பில் வேறொரு கொம்பனியில் படலை சாத்துகிறார். அங்கேயும் எல்லாரும் அவரைத் திட்டுகிறார்களாம்.

அவரைத் திட்டுவதற்கு அவர்கள் யார்?